ஏழுகல் தோடும் ஐம்பத்தேழு பட்டையும்

நெமிலியிலிருந்து கல்யாணத்துக்கு வைரத்தோடு எடுக்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் அரக்கோணம் கடைவீதியோடு நிற்பதில்லை. காஞ்சிபுரம், வேலூர், கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் தியாகராய நகர் என்று போவார்கள். எந்த ஊர்க் கடையானாலும் கேள்விகள் ஒன்றுதான். ப்ளூ ஜாகரா? கரும்புள்ளி உண்டா? மொத்தம் எத்தனை சென்ட்? திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்? நாலு நாள் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாமா? நிறம், தோஷம், எடை, மறுவிலை, ராசி எல்லாம் வந்துவிடும். கல்லை எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் வராது. அபூர்வமாக வந்தாலும் ‘பெல்ஜியம் கட்டிங்’ என்ற இரண்டு சொல்லில் கடைக்காரர் அதை முடித்துவிடுவார். கேட்டவரும் தலையாட்டிவிட்டு விலைக்குப் போய்விடுவார்.

உண்மையில் ஒரு வைரம் மின்னுமா, கண்ணாடித் துண்டுபோல் சும்மா கிடக்குமா என்பதை மற்ற எதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது வெட்டுத்தான். நிறமும் புள்ளியும் மண்ணுக்குள்ளேயே முடிவாகிவிடுகின்றன. மனிதக் கை கொடுப்பது இது ஒன்றைத்தான். வைரத்தை இவ்வளவு விரும்பும் ஒரு சமூகம் இந்த ஒன்றைக் கேட்காமல் விட்டதற்குக் காரணம் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

வரலாற்றுக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வடிவம் வேறு, வெட்டு வேறு. வட்டம், சதுரம், முட்டை, துளி, இதயம் என மேலிருந்து பார்த்தால் தெரியும் வெளிக்கோடு வடிவம். அந்தக் கோட்டுக்குள் எத்தனை பட்டைகள், ஒவ்வொன்றும் என்ன கோணத்தில், மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் உயரம் எவ்வளவு என்பது வெட்டு. ஒரே வட்ட வடிவத்தில் அருமையாக வெட்டிய கல்லும் உண்டு, சொதப்பிய கல்லும் உண்டு. கடையில் ‘ரவுண்டு கட்டிங்’ என்று சொன்னால் பாதித் தகவல்தான் கிடைத்திருக்கிறது.

தமிழில் வைரத்தைப் பற்றிய பழைய பேச்சு தோஷத்தில் தொடங்குகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டும் இளங்கோவடிகள், நல்ல வைரம் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்ற நான்கு குற்றங்களும் இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறார். காக்கைக் கால் போன்ற விரிசல், கறை, புள்ளி, கோடு: இன்றைய ஆய்வகச் சான்றிதழின் தூய்மைப் பட்டியல் இந்த நான்கையும் தாண்டி வெகுதூரம் போய்விடவில்லை. வெட்டைப் பற்றி அந்த வரிகளில் பேச்சில்லை. பேச வேண்டிய தேவையும் அப்போது இல்லை. புத்தபட்டரின் ரத்னபரீட்சை போன்ற வடமொழி நூல்கள் உயர்ந்த வைரத்துக்குச் சொன்ன இலக்கணமே ஆறு முனை, எட்டு முகம், பன்னிரண்டு விளிம்பு என்பதுதான். பூமியிலிருந்து அப்படியே கிடைக்கும் எண்முகப் படிகம் அது. இரண்டு சதுரக் கூம்பகங்களை அடியோடு அடி ஒட்டிய அந்த உருவத்தை இயற்கையே கொடுத்துவிட்டபிறகு மனிதன் கைவைப்பது குறைதானே தவிர அழகு இல்லை என்பது அந்தக் காலத்து மனநிலை. முசிறித் துறைமுகத்திலிருந்து மேற்கே போன பொருள்களின் பட்டியலில் வைரம் இருப்பதைச் செங்கடல் பயணக் குறிப்பான பெரிப்ளூஸ் சொல்கிறது. உரோமானியர் அதை வெட்டாமலேயே, கூர்முனை மேலே தெரியும்படி மோதிரத்தில் பதித்தார்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுரங்கங்களுக்கு வந்த பிரெஞ்சு ரத்தின வியாபாரி தவர்னியே எழுதிவைத்த ஒரு கவனிப்பு இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கல் சுத்தமாக இருந்தால் இந்தியத் தொழிலாளர்கள் மேலும் கீழும் சக்கரத்தில் லேசாகத் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். உருவம் கொடுக்கப் போனால் எடை குறையுமே என்ற பயம். புள்ளியோ விரிசலோ இருந்தால்தான் உடம்பு முழுக்கப் பட்டை போட்டுக் குறையை மறைக்கிறார்கள் என்கிறார் அவர். இதைப் படித்தபிறகு நம் பாட்டிமார்களின் சந்தேகம் புரிகிறது. நிறையப் பட்டை என்றால் ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பட்டை ஒளிக்காக என்ற எண்ணமே அப்போது இந்தப் பக்கம் வேர்பிடிக்கவில்லை.

தவர்னியே சொல்லும் இன்னொரு கதையும் அதே எடைப் பயத்தைக் காட்டுகிறது. முகலாய அரண்மனையில் இருந்த ஒரு பெரும் கல்லை ஓர்தென்சியோ போர்ஜியோ என்ற வெனிஸ் நகரத்துக்காரரிடம் கொடுத்தார்கள். 787 காரட் கல்லை அவர் தேய்த்துத் தேய்த்து 280 காரட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கூலி கிடைக்கவில்லை. பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். அதற்கு மேல் அவரிடம் பணம் இருந்திருந்தால் அதையும் பிடுங்கியிருப்பார்கள் என்கிறார் தவர்னியே.

எடையா ஒளியா என்ற வழக்கில் தீர்ப்பு மாறியது ஐரோப்பாவில். அந்தத் தீர்ப்புக்கான முதல் பெரிய ஆவணம் நம் சென்னையிலிருந்து போனது என்பது பலருக்குத் தெரியாது. புனித ஜார்ஜ் கோட்டை அப்போது கோல்கொண்டா வைரம் லண்டனுக்குப் போகும் முக்கிய வாசல். லண்டனின் யூத வியாபாரிகள் மத்தியதரைக் கடல் பவளத்தையும் வெள்ளியையும் கொண்டுவந்து கொடுத்து வைரம் வாங்கிப் போனார்கள். முத்தியால்பேட்டையின் பவளக்காரத் தெரு அந்த வியாபாரத்தின் மிச்சம். கோட்டையின் கவர்னர்களே வைரத்தில் சொந்தக் கணக்கு வைத்திருந்தார்கள். எலிஹு யேல் அப்படி ஒருவர். 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்த தாமஸ் பிட் இன்னொருவர். ஜாம்சந்த் என்ற வியாபாரி, கிருஷ்ணா நதிக்கரையின் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் கல்லை பிட்டிடம் கொண்டுவந்து இரண்டு லட்சம் வராகன் கேட்டார். பேரம் மாதக்கணக்கில் இழுத்து 48,000 வராகனில் முடிந்தது.

பிட் அந்தக் கல்லை லண்டனுக்கு அனுப்பி வெட்டச் சொன்னார். 1704-இல் தொடங்கிய வேலை இரண்டு ஆண்டு நடந்தது. 410 காரட்டில் மிஞ்சியது 140 காரட் சொச்சம். மூன்றில் இரண்டு பங்கு எடை போய்விட்டது. முகலாய அரசவையாக இருந்தால் இன்னோர் அபராதம் விழுந்திருக்கும். லண்டனில் நடந்தது வேறு. மிஞ்சிய கல் மெத்தை வடிவத்தில், அன்றைய புது முறையான ‘பிரில்லியன்ட்’ வெட்டில் எரிந்தது. 1717-இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஆர்லியன்ஸ் கோமகன் 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். ‘ரீஜன்ட்’ என்ற பெயரில் அது இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பிறந்த கொல்லூரின் மேல் புலிச்சிந்தலா அணையின் தண்ணீர் நிற்கிறது.

கோஹினூர் கதை எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாக. 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் அதைப் பார்க்க வந்த கூட்டம், இது என்ன மின்னவே இல்லையே என்று முகம் சுளித்தது. முகலாய வெட்டு கல்லின் பருமனைக் காப்பாற்றியிருந்தது, ஒளியைத் திருப்பியனுப்பவில்லை. மறுவருடம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆள் வரவழைத்து 38 நாள் தேய்த்தார்கள். 191 காரட் 105.6 காரட்டாகியது. எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. ஒரு நாகரிகத்தின் ரசனையை இன்னொன்று கண்காட்சிக் கூட்டத்தின் முணுமுணுப்புக்காக அழித்தது அது. ஆனால் ஒளிக்கணக்கை மட்டும் பார்த்தால் முகம் சுளித்த கூட்டத்தின் கண் பொய் சொல்லவில்லை.

அந்தக் கணக்கு இதுதான். வைரத்துக்குள் நுழையும் ஒளி வேகம் குறைந்து மடங்குகிறது. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, சாதாரணக் கண்ணாடிக்கு 1.5. இதனால் வைரத்தின் உள்ளே போன கதிர் வெளியே வருவது கடினம். ஒரு பட்டையின் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 24.4 பாகைக்கு மேல் சாய்ந்து வந்து மோதினால் வெளியேற வழியில்லை. முழுக்க உள்ளேயே எதிரொளிக்கும். கண்ணாடியில் இந்த எல்லை 41 பாகைக்கு மேல். அடிப்பட்டைகளைச் சரியான கோணத்தில் அமைத்தால் மேலிருந்து விழுந்த ஒளி ஒரு பக்கம் மோதி, எதிர்ப்பக்கம் மோதி, திரும்ப மேல்வழியாகவே கண்ணுக்கு வரும். வரும் வழியில் வண்ணங்களாகச் சிதறும். அடிப்பாகம் தட்டையாகப் போனால் ஒளி பின்னால் கசியும், நடுவில் வெளிறிய வளையம் தெரியும். அதிக ஆழமாகப் போனால் நடுவில் ஆணித்தலை போல் இருட்டு விழும்.

1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற இளம் பொறியாளர் இதை எண்களாக்கி ஒரு சிறு புத்தகம் போட்டார். ஆன்ட்வெர்ப் வைரத் தொழில் குடும்பத்துப் பிள்ளை. உச்சியில் தட்டையாக இருக்கும் மேசைப்பட்டை விட்டத்தில் 53 சதவீதம், மேல்பட்டைக் கோணம் 34.5 பாகை, அடிப்பட்டைக் கோணம் 40.75 பாகை என்று அவர் சொன்னார். இன்றைய வட்ட பிரில்லியன்டின் 57 பட்டைகளும், அடிமுனையைத் தட்டையாக்கினால் 58 பட்டைகளும், இந்தக் கணக்கைச் சுற்றியே நகர்கின்றன. சின்னக் கற்களுக்கு 17 பட்டை மட்டும் போடும் எளிய வெட்டும் உண்டு. பழைய தோடுகளில் ஓரத்துப் பொடிக்கற்களை லென்ஸில் பார்த்தால் இது தெரியும்.

இப்போது ஏழுகல் தோட்டுக்கு வருவோம். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு. இந்த அமைப்பு நம் ஊரில் இவ்வளவு நிலைத்துப்போனதற்கு வடிவியலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஒரே அளவுள்ள வட்டங்களை எடுத்துக்கொண்டால் ஒன்றைச் சுற்றி இடைவெளியில்லாமல் சரியாக ஆறுதான் உட்காரும். ஐந்து வைத்தால் சந்து விழும், ஏழு வைக்க இடம் போதாது. கற்கள் சரியான வட்டமாக, ஒரே விட்டத்தில் இருந்தால் தோடு ஒரே பூவாகத் தெரியும். ஒரு காரட் தோடு என்றால் கல்லுக்குச் சுமார் 14 சென்ட், அதாவது 0.14 காரட், நன்றாக வெட்டியிருந்தால் ஒவ்வொன்றும் 3.3 அல்லது 3.4 மில்லிமீட்டர் விட்டம். இந்த இடத்தில்தான் வாங்குகிறவர் ஏமாறுகிறார். மேல்பாகமும் அடிப்பாகமும் சேரும் இடுப்பைத் தடிமனாக விட்டு, அடியை ஆழமாக்கி வெட்டிய கல்லும் அதே 14 சென்ட் நிற்கும். விட்டம் மட்டும் சிறுத்துவிடும். எடைக்குக் காசு கொடுத்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்தை வாங்கிப் போகிறோம். ஆகவே சென்ட் கேட்கும் வாயோடு மில்லிமீட்டரும் கேட்க வேண்டும். ஒற்றைக் கல்லானால் ஒரு காரட் வட்டத்துக்கு 6.5 மில்லிமீட்டர் என்பது நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க அளவு.

இன்னொன்று, நம்மூர்க் கட்டடம். பின்பக்கம் முழுக்க மூடி, அடியில் அரக்கும் தகடும் வைத்துக் கல்லைக் கட்டும் வழக்கத்தை இன்றைய ஷோரூம் விற்பனையாளர்கள் பழம்போக்கு என்று ஒதுக்குகிறார்கள். அது அவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடியதில்லை. தட்டையான பழைய வெட்டுகளில் ஒளி பின்னால் கசிந்துதான் போகும். தகடு அதைப் பிடித்துத் திருப்பியனுப்பியது. கூடவே நம் ஊரில் எண்ணெய்க் குளியல் உண்டு. வைரத்தின் பரப்பில் எண்ணெய் பசைபோல் ஒட்டும். சுரங்கங்களில் கொழுப்புப் பூசிய மேசைமேல் கல்தூளை ஓடவிட்டு வைரத்தை மட்டும் ஒட்டவைத்துப் பிரித்தெடுத்ததே இந்தக் குணத்தை நம்பித்தான். அடிப்பட்டையில் தேங்காயெண்ணெய் படிந்தால் 24.4 பாகை என்ற எல்லை சுமார் 37 பாகைக்கு ஏறிவிடுகிறது. பல திசைகளிலிருந்து வரும் கதிர்கள் பின்வழியாக நழுவிவிடும். மூடிய கட்டடம் இதைத் தடுத்தது. திறந்த கட்டடத்தில் நல்ல வெட்டுள்ள கல்லை அணிகிறவர் வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பின்பக்கத்தைத் துடைத்தே ஆக வேண்டும். மூக்குத்திக்கு இது இன்னும் அவசியம். மூக்கின் எண்ணெய்ப்பசை நேராக அடிமுனையில் போய் உட்காரும்.

மூடிய கட்டடத்துக்கு ஒரு கெட்ட முகமும் உண்டு. பின்னால் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. மோசமான வெட்டுக்கு அது திரை போட்டுவிடும். நம் ஊரில் வெட்டைப் பற்றிய கேள்வி எழாமல் போனதற்கு இந்தத் திரைதான் பெரிய காரணம் என்பேன். ப்ளூ ஜாகர் என்ற சொல் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. நிறமற்ற, வெயிலில் இளநீலம் காட்டும் கல்லுக்கான பெயர் அது. மூடிய தோட்டில் மேலிருந்து தெரிவது நிறமும் புள்ளியும்தான். ஆகவே அவற்றுக்கு மட்டும் பெயர் வைத்துக்கொண்டோம்.

வட்டத்தை விட்டு மற்ற வடிவங்களுக்கு வந்தால், ஒரு கல் ஏன் முட்டையாகவோ துளியாகவோ ஆகிறது என்பதைப் பெரும்பாலும் வெட்டாத பச்சைக்கல்தான் முடிவு செய்கிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் தொழிற்சாலைக் கட்டிங் மேசையில் நிற்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, வயிற்றுப் பக்கத்துத் தளர்ச்சி எல்லாவற்றையும் ஒதுக்கி, ஒரு தோலில் எத்தனை ஜோடி செருப்புக்கு வரும் என்று அச்சை நகர்த்தி நகர்த்தி வைப்பார். சூரத்தில் கணினித் திரைமுன் பச்சைக்கல்லின் உள்படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் அதையேதான் செய்கிறார். எண்முகப் படிகத்தை நடுவில் அறுத்தால் இரண்டு வட்டக்கல் வரும், ஆனால் பாதிக்கு மேல் தூளாகிவிடும். அதே படிகத்தில் சதுரமான ‘பிரின்சஸ்’ வெட்டினால் எடை வெகுவாகத் தப்பும். நீளமான கல் முட்டை அல்லது படகு வடிவத்துக்குப் போகும். தட்டையான முக்கோண இரட்டைப் படிகம் இதயமாகவோ முக்கோணமாகவோ மாறும். காரட்டுக்குக் காரட் வட்டம் விலை கூடுதலாக இருப்பதற்கு இந்தக் கழிவும் ஒரு காரணம், எல்லோரும் அதையே கேட்பது இன்னொரு காரணம்.

ஒவ்வொரு வடிவத்துக்கும் அதன் பலவீனம் உண்டு. மரகத வெட்டும், 1902-இல் ஆம்ஸ்டர்டாமின் ஆஷர் குடும்பம் காப்புரிமை பெற்ற சதுர வெட்டும் படிப்படியான நீளப் பட்டைகள் கொண்டவை. அவற்றில் மின்னலைவிடத் தெளிவு அதிகம். உள்ளே இருக்கும் சின்னப் புள்ளியும் பளிச்சென்று தெரியும். சிலப்பதிகாரத்தின் நான்கு குற்றங்களையும் தேடுகிறவருக்கு இதைவிட நல்ல ஜன்னல் இல்லை. முட்டை, துளி, படகு மூன்றிலும் நடுவில் குறுக்கே ஓர் இருண்ட பட்டை விழலாம். கல்லை அசைத்தாலும் அது போகாவிட்டால் வெட்டு சரியில்லை. கூர்முனை உள்ள பிரின்சஸ், துளி, படகு ஆகியவற்றின் முனைகள் உடையும். வைரம் கீறப்படாதே தவிர எண்முகத் தளங்களின் வழியே பிளக்கும். அந்த முனைகளைப் பொன்னால் மூடிப் பிடிக்கும் கட்டடம் தேவை.

சான்றிதழ் இங்கே முழுமையாகத் துணைக்கு வராது. அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. ஆய்வகம் 2006 முதல் அறிக்கையில் தரும் வெட்டுத் தரம், மிகச் சிறப்பு முதல் மோசம் வரை, வட்ட பிரில்லியன்டுக்கு என்று வகுக்கப்பட்டது. மற்ற வடிவங்களுக்கு மெருகையும் சமச்சீரையும் காட்டும் குறிப்புகளை வைத்துக்கொண்டு மீதியை நம் கண்தான் பார்க்க வேண்டும். தோட்டின் சின்னக் கற்களுக்கோ பெரும்பாலும் நகைக்கு மொத்தமாக ஒரே சான்று. நகைக்கடையின் உச்சி விளக்குகளில் எந்தக் கல்லும் மின்னும், திருச்சிக் கல்லும் மின்னும். கடையின் வாசலுக்கோ ஜன்னலோரத்துக்கோ எடுத்துப் போய், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

திருச்சிக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. உறையூரைச் சுற்றியும் புதுக்கோட்டைக் கிராமங்களிலும் வீட்டுத் திண்ணையில் சக்கரம் வைத்துச் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிய குடும்பங்கள் ஏராளம். இயந்திரத்தில் ஒரே அச்சாக வெட்டிய சீனக் கற்கள் மலிவாக வந்ததும் அந்தத் தொழில் நொறுங்கியது. உண்மை வைரத்தின் பட்டைத் தொழில் அதற்குள் குஜராத்துக்குப் போய்விட்டிருந்தது. உலகில் மெருகேறும் வைரங்களில் பத்துக்கு ஒன்பது இன்று சூரத்தின் சக்கரத்தில் ஏறுகிறது. பெல்ஜியம் கட்டிங் என்று இங்கே விற்கும் கல்லும் பெரும்பாலும் அந்த ஊர்க் கையால் ஆனதுதான். அதில் குறை ஒன்றும் இல்லை. ஊர்ப்பெயர் கோணத்தைச் சொல்லாது, அவ்வளவே.

ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் வந்தபிறகு எடையா ஒளியா என்ற கணக்கே புரள்கிறது. அதே கார்பன், அதே 2.42. 2023-இல் மத்திய அரசு சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென ஓர் ஆய்வு மையம் அமைக்க ஐந்தாண்டுக்கு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கியது. பச்சைக்கல்லின் விலை இறங்க இறங்க, எடையைக் காப்பாற்றக் கோணத்தைக் கெடுக்க வேண்டிய கட்டாயம் மறைகிறது. ஆய்வக வைரத்தை மோசமான வெட்டில் விற்கிறவரிடம் சொல்லக்கூடிய சாக்கு எதுவும் இல்லை. சுரங்க வைரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். இதில் வேண்டாம்.

வீட்டில் இருக்கும் பழைய தோட்டை என்ன செய்வது என்பது அடிக்கடி எழும் கேள்வி. கட்டிங் பழசு, மறுபட்டை தீட்டினால் நன்றாக மின்னும் என்று சொல்லிக் கடைகளில் கேட்பதுண்டு. ஒற்றைக் கல் மோதிரமானால் யோசிக்கலாம். ஏழுகல் தோட்டில் நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஏழும் ஒரே அளவில் எடை இழக்காது. ஒன்று கொஞ்சம் அதிகமாகச் சிறுத்தாலும் ஒன்றைச் சுற்றி ஆறு என்ற அடுக்கு குலைந்துவிடும், ஈடுகட்டப் புதுக்கல் வாங்க வேண்டிவரும். அதைவிட, நம்பிக்கையான ஆசாரியிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கட்டடத்தைப் பிரிக்கச் சொல்லலாம். கற்களைச் சுத்தம் செய்து, மேசைப்பட்டை கீழே இருக்கும்படி தினத்தாளின் எழுத்துமேல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துப் பார்க்கலாம். எழுத்து ஊடே தெளிவாகத் தெரிந்தால் கல் தட்டை வெட்டு. அதற்குப் பழையபடியே தகடு வைத்து மூடிய கட்டடம்தான் சரி. எழுத்து தெரியாமல் ஒளி உள்ளேயே சுழன்றால் பின்பக்கம் திறந்து கட்டச் சொல்லிவிடலாம். இரண்டு வழியிலும் கல்லின் எடை ஒரு சென்ட்கூடக் குறையாது, ஆசாரி கூலி மட்டும்தான் செலவு.